கமராவுக்கு முன் கேபிள்: மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஏற்ற சிசிடிவி சிக்னல் வழியைத் தேர்வது எப்படி

கமரா வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது மெகாபிக்சல், அடுத்தது விலை. படம் கமராவிலிருந்து ரெக்கோடருக்கு எந்த வழியாக வந்து சேரும் என்ற கேள்வி கேபிள் இழுக்கிற அன்றுதான் வரும். அதற்குள் டிவிஆர் எனும் ரெக்கோடருக்கும் கமராக்களுக்கும் பில் போட்டாகிவிடும். பிறகு இருக்கிற காசுக்கு எந்த வயர் கிடைக்கிறதோ அதுதான் சுவரேறும். எட்டு மெகாபிக்சல் கமராவை மலிந்த வயரில் மாட்டுவதை விட, நல்ல வயரில் இரண்டு மெகாபிக்சல் கமரா தெளிவான படம் தரும். ஆகவே வழியை முதலில் முடிவு செய்யுங்கள். கமராவை அதற்கேற்பப் பிறகு எடுக்கலாம்.

அளவுநாடாவும் ஒரு தாளும்

ரெக்கோடர் இருக்கப்போகிற இடத்திலிருந்து ஒவ்வொரு கமரா இடத்துக்கும் வயர் உண்மையில் போகும் பாதையில் நடந்து அளவெடுங்கள். கண்ணுக்கு 40 மீற்றராகத் தெரியும் இடத்துக்குச் சுவரேறி, கூரைக்குக் கீழே சுற்றி, மறுபக்கம் இறங்கிப் போனால் 65 மீற்றர் ஆகிவிடும். அதன்மேல் பத்து வீதம் கூட்டுங்கள். ரெக்கோடர் பக்கம் இரண்டு மீற்றரும் கமரா பக்கம் அரை மீற்றரும் மிச்சமாக விடுங்கள்.

நீளத்தோடு இன்னும் இரண்டு விடயங்களைத் தாளில் குறியுங்கள். முதலாவது, அந்தப் பாதை ஒரு கட்டடத்தை விட்டு வேறு மின் இணைப்பு உள்ள, அல்லது வேறு எர்த் ரொட் அடித்த கட்டடத்துக்குப் போகிறதா? இரண்டாவது, பாதையில் எங்காவது மோட்டர் வயர், வெல்டிங் பிளான்ட், மூன்று பேஸ் லைன் பக்கத்தில் ஓடுகிறதா? பெரும்பாலும் நீளத்தை விட இந்த இரண்டு குறிப்பும்தான் கருவியைத் தீர்மானிக்கும்.

இந்தப் பக்கத்து வேலைகளுக்குப் பொருந்தும் விதி இதுதான்: ஒரே கட்டடத்துக்குள் செம்பு வயர், கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஒளியில் சிக்னல் போகும் கண்ணாடி இழையான ஃபைபர், அது முடியாவிட்டால் வயர்லெஸ். வளவில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே இருபது மீற்றர்தானே என்று செம்பை இழுத்தால், இடிமுழக்கக் காலத்தில் இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாகப் பழுதாகும். பக்கத்தில் மின்னல் விழும்போது இரண்டு கட்டடத்தின் எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ற் வித்தியாசம் ஒரு கணத்துக்கு வரும். நடுவில் இருக்கும் ஒரே தொடுப்பு உங்கள் வீடியோ வயர் என்றால் அது அதற்குள்ளால்தான் பாயும். மின்னல் கமராவில் விழவே தேவையில்லை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை இங்கே வழமை. அந்த மாதங்களுக்குப் பிறகுதான் திருத்தும் கடைகளில் டிவிஆர் குவியும்.

அனலொக் போதுமான இடம்

காத்தான்குடி பிரதான வீதியிலோ கல்முனை பசாரிலோ ஒரு கடை, நான்கு கமரா, மிக நீண்ட வயர் முப்பது மீற்றர். இதற்குக் கணினி வலையமைப்பு வயரில் படத்தை டிஜிட்டலாக அனுப்பும் ஐபி கமராவும், அதே வயரில் கரண்டும் கொடுக்கும் பிஓஇ சுவிட்சும் வேண்டியதில்லை. டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று மூன்று பெயரில் வரும் எச்டி அனலொக் வகை தாராளமாகப் போதும். இன்றைய டிவிஆர்களில் அனேகமானவை மூன்றையும் எடுக்கும், ஆனாலும் கமராவின் வகையும் மெகாபிக்சலும் டிவிஆரின் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தே வாங்குங்கள். ஐந்து மெகாபிக்சல் கமராவை இரண்டு மெகாபிக்சல் டிவிஆரில் செருகினால் கறுப்புத் திரைதான்.

நடுவில் ஒரு கம்பியும் சுற்றிலும் உலோக வலையும் உள்ள கோஎக்சியல் கேபிளில் ஆர்ஜி 59, ஆர்ஜி 6 என இரண்டு. இரண்டும் 75 ஓம். நடுக்கம்பி சுத்தச் செம்பாக இருந்தால் ஆர்ஜி 59-இல் 1080 (இரண்டு மெகாபிக்சல்) படம் 200 மீற்றர் வரை நம்பிப் போகலாம். பெட்டியில் 300, 500 என்று போட்டிருப்பது நல்ல கேபிள், நல்ல இணைப்பு, இரைச்சலில்லாத சூழல் என்ற கணக்கில். ஐந்து மெகாபிக்சலுக்கு 150, எட்டு மெகாபிக்சலுக்கு 100 என்று வைத்துக்கொண்டால் மாரியிலும் படம் குலையாது.

இங்கே அதிகம் நடக்கும் தவறு டிஷ் அன்டெனா வயரைக் கமராவுக்கு இழுப்பது. அதுவும் ஆர்ஜி 6 தான், பார்வைக்கு ஒன்றுதான், விலையோ குறைவு. ஆனால் அதன் நடுக்கம்பி இரும்பு, மேலே மெல்லிய செம்புப் பூச்சு. டிஷ் சிக்னல் மிக உயர்ந்த அதிர்வெண் என்பதால் கம்பியின் தோலில் மட்டுமே ஓடும், பூச்சு போதும். கமரா சிக்னல் அப்படி இல்லை. அடிமட்ட அதிர்வெண்களிலிருந்தே தொடங்கும். அவற்றுக்குக் கம்பியின் முழு உடம்பும் வேண்டும். இரும்பின் தடை செம்பை விடப் பல மடங்கு. அதனால் படத்தை வரிசையில் நிறுத்தும் ஒத்திசைவுப் பகுதி மெலிந்து, நூறு மீற்றருக்கு அப்பால் படம் இழுபடும், நிறம் போய்வரும். கடையிலேயே சோதிக்கலாம்: நுனியை இரண்டு சென்ரிமீற்றர் உரித்து, சிறு காந்தத்தை நடுக்கம்பியருகே பிடியுங்கள். ஒட்டினால் திருப்பிக் கொடுங்கள். ஒட்டாவிட்டாலும் கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கம்பிக்கு மேலே உள்ள வலையும் செம்பு நிறமாக, அடியில் உள்ள வெள்ளை நுரை தெரியாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும்.

கோஎக்சியல் நுனியில் பிஎன்சி இணைப்பான் மாட்டுமிடத்தில்தான் பாதிப் பழுது பிறக்கிறது. ஆர்ஜி 59-க்கான இணைப்பானும் ஆர்ஜி 6-க்கானதும் வேறு. மாற்றிப் போட்டால் இறுகியதுபோல் இருந்து ஒரு மாதத்தில் ஆடும். வெளித்தோலை உரிக்கும்போது வலையின் மயிர் போன்ற ஒரே ஒரு கம்பி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் படம் முழுதாகப் போகும், அல்லது வயரை அசைத்தால் வந்து போகும். உரித்ததும் வலையைப் பின்னால் மடித்து, விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்து, பிறகு இணைப்பானை ஏற்றுங்கள். திருகி மாட்டும் வகை உள்ளறைக்கு மட்டும். வெளியே என்றால் கம்பிரெஷன் வகை, அதற்குரிய கருவியோடு.

சோடி சோடியாக முறுக்கிய கணினி வலையமைப்பு வயரான யூடிபி வயரில் அனலொக் படம் அனுப்ப வேண்டுமானால் இரு நுனியிலும் பேலன் எனும் சிறு மாற்றி வேண்டும். 1080-க்கு 150 மீற்றர் வரை சரிவரும். பேலன் பெட்டியில் டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்றும் எத்தனை மெகாபிக்சல் என்றும் எழுதியிருக்க வேண்டும்; பழைய அனலொக் காலத்துப் பேலனைப் போட்டால் படத்தில் நிழல் விழும், ஐந்து மெகாபிக்சல் வரவே வராது. ஒரு கமராவுக்கு ஒரு முறுக்குச் சோடி: நீலமும் வெள்ளை நீலமும். நீலத்தோடு பச்சையைச் சேர்த்தால் முறுக்கின் பயன் போய்விடும், பக்கத்து மோட்டரின் இரைச்சல் முழுதும் படத்தில் ஏறும்.

இரவில் மட்டும் போகும் படம்

பகலில் நல்ல படம், இரவு ஏழு மணிக்கு மேல் கமரா அணைந்து அணைந்து வருகிறது. இந்தப் புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் கமரா கூடுதல் கரண்ட் இழுக்கிறது, மெல்லிய வயரில் வோல்ற்றேஜ் விழுகிறது.

கணக்கு எளிது. 0.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயருக்கு 100 மீற்றருக்குச் சுமார் 3.7 ஓம். கமரா 60 மீற்றரில் இருந்தால் போக, வர 120 மீற்றர், தடை 4.4 ஓம். இரவில் கமரா அரை அம்பியர் எடுத்தால் 2.2 வோல்ற் வழியிலேயே தொலையும். 12 வோல்ற்றில் கமராவுக்குப் போய்ச் சேருவது 9.8 மட்டும். வயரை 1 சதுர மில்லிமீற்றராக்கினால் இழப்பு பாதியாகும். பவர் சப்ளையில் உள்ள சிறு திருகைத் திருப்பி 13.5 வோல்ற் ஆக்குவதும் உண்டு, ஆனால் அதே சப்ளையில் ஐந்து மீற்றரில் உள்ள கமராவுக்கு அது சூடு. தூரக் கமராக்களுக்குத் தனி சப்ளை வைத்துவிட்டு அதை மட்டும் கூட்டுங்கள். கமராவுக்குப் பக்கத்திலேயே வேறு பிளக் பொயின்ட்டில் அடாப்டர் போடலாம்தான். அது வேறு எர்த்தைத் தொட்டால் படத்தில் கிடையான பட்டைகள் மெல்ல மேலேறத் தொடங்கும். அது மின்சார லைனின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல், அதாவது ஹம். கமராவின் பிஎன்சி உடல் இரும்புத் தூணிலோ தகரக் கூரையிலோ தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொடுமிடத்தில் ரப்பர் வைத்தாலே பல நேரம் தீரும். தீராவிட்டால் இரண்டு எர்த்தையும் பிரிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடுங்கள்.

மீற்றர் வைத்துப் பார்க்கிறவர்கள் அனேகமாகப் பகலில் பார்ப்பார்கள், 11.6 காட்டும், வயர் சரி என்று போய்விடுவார்கள். கமராவின் கண்ணை உள்ளங்கையால் மூடி விளக்குகளை எரிய வைத்துவிட்டு, கமரா முனையில் அளக்க வேண்டும். அப்போது 11-க்குக் கீழே போனால் அந்த வயரை மாற்றுங்கள்.

ஐபி கமராவும் நூறு மீற்றரும்

எட்டுக் கமராவுக்கு மேல், அல்லது பின்னால் கூட்டும் எண்ணம் இருந்தால், ஐபி கமராவே நல்லது. படமும் கரண்டும் ஒரே கேட்6 வலையமைப்பு வயரில் பிஓஇ சுவிட்சிலிருந்து போகும். எல்லை 100 மீற்றர். இதில் சுவரில் கிடக்கும் திட வயர் 90, இரு முனையிலும் செருகும் சிறு பட்ச் வயர்கள் சேர்ந்து 10.

பிஓஇ சுவிட்சைத் துறை (போர்ட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம். 802.3 ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் துறையொன்று 15.4 வாட் கொடுக்கும், கமராவுக்கு 12.95 வாட் கிடைக்கும். 802.3 ஏடி 30 வாட் கொடுக்கும், 25.5 கிடைக்கும். ஆனால் எட்டுத் துறை சுவிட்சின் மொத்த பவர் 60 வாட் ஆகக்கூட இருக்கலாம். சாதாரண புல்லட் கமரா இரவில் சுமார் 7 வாட் எடுக்கும் என்றால் எட்டுக்கு 56, ஒட்டிக்கு ஒட்டி. ஒரு கமராவைச் சுழலும் வகைக்கு மாற்றினால் இரவு ஏதோ ஒரு துறை விழும், எது என்று சொல்லவும் முடியாது. தேவையான வாட்டைக் கூட்டி, அதில் மூன்றில் ஒரு பங்கு மேலதிகமாக உள்ள சுவிட்சை எடுங்கள். ரெக்கோடருக்குப் போகும் மேல்துறை கிகாபிட் ஆக இருக்க வேண்டும். நான்கு மெகாபிக்சல் கமரா எச்.265 சுருக்க முறையில் விநாடிக்குச் சுமார் 4 மெகாபிட் அனுப்பும். பதினாறு கமராவுக்கு 64. நூறு மெகாபிட் மேல்துறையில் அது அடங்கும், ஆனால் அசைவு கூடும் நேரத்தில் படம் தடுக்கும். ஐபி கமராவுக்கான ரெக்கோடரான என்விஆரின் உள்வரவு எல்லையையும் அதன் பெட்டியில் பாருங்கள்.

வயர் விடயத்தில் சந்தேகப் புத்தி நல்லது. கேட்6 என்று அச்சிட்ட பெட்டிகளில் செம்பு பூசிய அலுமினியம் நிறையவே உண்டு. சுத்தச் செம்பு கேட்6, 305 மீற்றர்ப் பெட்டி பத்துக் கிலோவுக்கு மேல் நிறுக்கும். ஒரு கையால் லேசாகத் தூக்க வருகிறதென்றால் யோசியுங்கள். இன்னும் உறுதியான சோதனை மல்டிமீற்றர். இழுத்து முடித்த 80 மீற்றர் வயரின் ஒரு நுனியில் ஒரு சோடியின் இரு கம்பிகளையும் முறுக்கிச் சேர்த்து, மறு நுனியில் தடையை அளந்து பாருங்கள். கேட்6 செம்பு என்றால் 11 ஓம் அளவில், கேட்5ஈ என்றால் 14 அளவில் காட்டும். 20-ஐத் தாண்டினால் அது அலுமினியம், அல்லது 0.4 மில்லிமீற்றர் மெல்லிய கம்பி. அலுமினியக் கம்பி வயர் நுனியில் மாட்டும் ஆர்ஜே45 பிளக்கின் பல்லுக்குள் இறுகி நில்லாது, உப்புக் காற்றில் பட்டால் உதிரும், பிஓஇ கரண்டில் சூடாகும்.

ஆர்ஜே45 கோர்க்கும் வரிசை: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். இரு முனையிலும் ஒரே வரிசை என்றால் எப்படிக் கோர்த்தாலும் சரி என்ற நம்பிக்கை வயரிங் பாஸ்மாரிடம் பரவலாக உண்டு. சோடி சோடியாக நிறத்தை அடுக்கிப் போட்டால் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் மூன்றாம், ஆறாம் ஊசிகள் ஒரே முறுக்கில் இருக்க வேண்டியவை. அவை இரண்டு வேறு சோடிகளுக்குப் பிரிந்துவிடும். ஐந்து மீற்றரில் வேலை செய்யும், அறுபதில் கமரா நிமிடத்துக்கு ஒருமுறை விழும். டெஸ்டர் இதைப் பிடிக்காது, நிறத்தைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

நூறைத் தாண்டும்போது சுவிட்சில் உள்ள 'எக்ஸ்டென்ட்' பொத்தானை அழுத்தி 250 மீற்றர் போகலாம் என்பார்கள். வேகம் 10 மெகாபிட்டுக்கு இறங்கும். ஒரு நான்கு மெகாபிக்சல் கமராவுக்கு அது போதும், ஆனால் வயர் செம்பாக இருக்க வேண்டும், நூற்றைம்பதுக்கு மேல் மழையில் உத்தரவாதம் இல்லை. நடுவில் பிஓஇ எக்ஸ்டென்டர் போடுவதென்றால், கூரைக்கு மேலே யாரும் ஏற முடியாத இடத்தில் ஒரு பெட்டி தொங்கும், முதலில் பழுதாவது அதுதான். பழைய நல்ல கோஎக்சியல் ஏற்கெனவே சுவருக்குள் கிடந்தால், அதன் இரு முனையிலும் ஈத்தர்நெட் ஓவர் கோஎக்ஸ் மாற்றிகளைப் போட்டு ஐபி கமரா ஓட்டலாம். சுவரை உடைப்பதை விட மலிவு.

கட்டடம் விட்டுக் கட்டடம்: ஃபைபர்

ஃபைபர் என்றதும் விலை பயம் வருகிறது. வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட் வந்த பிறகு கேபிளும் மாற்றியும் ஒட்டும் ஆளும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. ஒற்றை முறை வகையையே, அதாவது சிங்கிள் மோட் கேபிளையே எடுங்கள். மல்டி மோட் மாற்றி ஒன்று மலிவாகக் கிடைத்தது என்று கலக்க வேண்டாம்.

தேவையானவை: குறைந்தது நான்கு இழை உள்ள வெளிப்புறக் கேபிள், வயர் சிக்னலை ஒளியாக மாற்றும் மீடியா கன்வேர்ட்டர் ஒரு சோடி, இரு முனையிலும் முடிப்புப் பெட்டி, பட்ச் வயர். ஒரு இழையிலேயே இருவழியும் போகும் கன்வேர்ட்டர்கள் 'ஏ', 'பி' என்று சோடியாக வரும். ஏ 1310 நானோமீற்றரில் அனுப்பி 1550-இல் வாங்கும். பி அதற்கு எதிர். இரண்டு ஏ வாங்கிவிட்டால் விளக்கு எரியவே எரியாது. ஒன்று 100 மெகாபிட், மற்றது கிகாபிட் என்றாலும் அதே கதி. நீல முனை, பச்சை முனை என்று இணைப்பான்கள் இரண்டு வகை. பச்சையின் முகம் சரிவாக வெட்டப்பட்டது, நீலத்தோடு செருகினால் உள்ளே இடைவெளி விழுந்து ஒளி இழக்கும். வீட்டு இன்டர்நெட் வேலையில் பச்சை கிடைக்கும், கன்வேர்ட்டர்களில் அனேகமாக நீலம்.

ஒளி இழப்பைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 1310-இல் கிலோமீற்றருக்குச் சுமார் 0.35 டெசிபல். 400 மீற்றருக்கு 0.14. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அரை டெசிபல் போட்டாலும் மொத்தம் இரண்டரைக்குள் நிற்கும், இருபது கிலோமீற்றர் கன்வேர்ட்டருக்கு அது ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது வளைவும் அழுக்கும். ஆணியில் சுற்றிக் கட்டுவதும் கதவிடுக்கில் நெரிப்பதும் கூடாது. மூன்று சென்ரிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக இழையை மடக்க வேண்டாம். முனையைத் திறந்தால் மூடியைப் போட்டு வையுங்கள், செருகும் முன் துடையுங்கள். லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே முனைக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். சிவப்பு ஒளிப் பேனா ஒன்று வைத்திருந்தால் உடைந்த இடம் சிவப்பாகக் கசிந்து காட்டும்.

மின்னலிலிருந்து காப்பாற்றத்தான் ஃபைபர் போடுகிறோம். வீட்டு இணைப்புக்குப் பாவிக்கும் தட்டையான கேபிளின் ஓரத்தில் ஒரு இரும்புக் கம்பி ஓடும், தொங்கவிடுவதற்காக. அந்தக் கம்பியை இரு கட்டடத்துக்குள்ளும் கொண்டுபோய்ப் பெட்டியில் திருகினால், கழற்றிய செம்பைத் திரும்ப மாட்டியது போலத்தான். சுவருக்கு வெளியே கொளுக்கியில் கட்டியதும் கம்பியைப் பிரித்து வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே எடுங்கள். மின்கம்பத்தில் எந்தக் கேபிளையும் அனுமதியில்லாமல் கட்டக் கூடாது. பொது றோட்டைக் குறுக்கறுப்பதும் அப்படித்தான்.

நிலத்தடியில் என்றால் கனமான பிவிசி அல்லது எச்டிபிஈ குழாய்க்குள், உழவு இயந்திரம் போகும் இடத்தில் இரண்டு அடி ஆழத்துக்குக் குறையாமல் போடுங்கள். எலியும் அணிலும் கேபிள் தோலைக் கடிப்பது இங்கே சாதாரணம். குழாய் வாயை நுரையால் அடைக்கா விட்டால் உள்ளேயே குடியிருக்கும்.

வயலுக்கும் வாவிக்கும் மேலே வயர்லெஸ்

வீடு ஒரு பக்கம், தோட்டம் அல்லது இறால் பண்ணை மறுபக்கம், நடுவில் வயல் அல்லது வாவி. இதற்கு ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு அன்டெனாக் கருவிகள், அதாவது 5 கிகாஹேர்ட்ஸ் பொயின்ட் டு பொயின்ட் சோடி. வீட்டு வைஃபை றவுட்டரையும் வைஃபை கமராவையும் இதற்கு நம்ப வேண்டாம். உள்ளூரில் விற்பனைக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவியா என்பதையும் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் இல்லாத பொருளால் பின்னால் சிக்கல் வரலாம்.

மறு அன்டெனா கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நேர்கோட்டைச் சுற்றி முட்டை வடிவத்தில் ஒரு வெளி காலியாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அதன் ஆரம் சுமார் 3.6 மீற்றர், அதில் அறுபது வீதமாவது, அதாவது 2.2 மீற்றர், தடையில்லாமல் வேண்டும். தென்னோலை ஒன்று அதற்குள் ஆடினால் காற்று வீசும்போதெல்லாம் படம் தடங்கும், மழையில் நனைந்தால் இன்னும் மோசம். கன்றாக நிற்கும் தென்னையையும் கணக்கில் எடுங்கள், ஐந்து வருடத்தில் அது கோட்டுக்குள் வந்துவிடும்.

தண்ணீருக்கு மேலே இன்னொரு சிக்கல். நேரே வரும் அலையும் நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கலாம். வாவியின் மட்டம் ஒரே நிலையில் நிற்காது. மாரியில் ஏறும், முகத்துவாரம் வெட்டியதும் இறங்கும். அதனால் ஆடியில் அருமையாக வேலை செய்த இணைப்பு மார்கழியில் காரணமே தெரியாமல் விழும். ஒரு பக்க அன்டெனாவை மேலும் கீழும் ஒரு மீற்றர் நகர்த்தக்கூடிய விதத்தில் குழாயில் பொருத்தி, சிக்னல் அளவைப் பார்த்து நிறுத்துங்கள். மைனஸ் 50 டிபிஎம்முக்கும் மைனஸ் 65-க்கும் நடுவே இருந்தால் நல்லது, மைனஸ் 75-க்கு அப்பால் வேண்டாம். மிக அருகில் உள்ள சோடிக்கு அனுப்பும் வலுவைக் குறையுங்கள்.

இந்தக் கருவிகளில் பல, கருவியைச் சோதிக்காமல் நேராகக் கரண்ட் கொடுக்கும் 24 வோல்ற் பாசிவ் பிஓஇ-யில் ஓடுபவை, தங்கள் பெட்டியிலேயே அதற்கான அடாப்டரோடு வருபவை. பாசிவ் 48 வோல்ற்றில் செருகினால் எரியும். ஏஎஃப் சுவிட்சில் செருகினால் அனேகமாகக் கரண்டே வராது.

உப்பும் எர்த்தும்

கல்லடி தொடங்கி காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் வரை கடற்கரையோரம் பழுதாகும் முதல் பொருள் கமரா அல்ல, கமராவின் வாலில் தொங்கும் இணைப்பு. பிஓஇ இணைப்புக்குள் ஈரமும் உப்பும் போனால் 48 வோல்ற் நேர்மின்னோட்டம் ஊசிகளை மின்னாற்பகுப்பால் தின்னும். கழற்றிப் பார்த்தால் இரண்டு மூன்று ஊசிகள் மட்டும் பச்சை பிடித்து, மற்றவை புதிதுபோல் இருக்கும். இணைப்பை வெளியில் தொங்கவிடாமல் கமராவுக்குப் பின்னால் ஒரு பெட்டிக்குள் வையுங்கள். கமராவோடு வரும் ரப்பர் மூடியைத் தூக்கி எறியாமல் போடுங்கள், ஊசிகளுக்கு சிலிக்கன் கிரீஸ் பூசுங்கள். பெட்டிக்குள் நுழையும் முன் வயரைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வெயில் படும் வயருக்குக் கறுப்பு பொலித்தீன் தோல் வேண்டும். சாம்பல் நிற உள்ளறை வயர் இரண்டு கச்சான் காற்றுக் காலத்துக்குள் வெடித்துவிடும். திருகாணி 316 எவர்சில்வர்.

மின்னல் எழுச்சியைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் அதற்கு எர்த் வயர் கட்டாயம். பச்சை வயரைச் சுருட்டி விட்டுவிட்டு அதை மாட்டுவதில் பலன் எதுவும் இல்லை. எர்த் வயர் நீளம் குறைவாக, நேராக, அந்தக் கட்டடத்தின் பிரதான எர்த்துக்கே போக வேண்டும். கமராவுக்கென்று தனியாக ஒரு ரொட் அடித்தால் இரண்டு எர்த்துக்கு நடுவே வித்தியாசம் வரும், தப்ப நினைத்த அதே பிரச்சினை.

ஒரு அரிசி ஆலைக்கான கணக்கு

சம்மாந்துறைப் பக்கத்து ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரெக்கோடர் அலுவலகத்தில். ஆலைக்குள்ளும் அதையொட்டிய அலுவலகத்திலும் ஆறு கமரா, மிக நீண்டது 70 மீற்றர். நெல் காயவிடும் களத்துக்கு அப்பால் 220 மீற்றரில் களஞ்சியம், நான்கு கமரா. வழியில் 130 மீற்றரில் கேட், இரண்டு கமரா. உரிமையாளர் வீடு வயலுக்கு அப்பால் 900 மீற்றர்.

ஆறு கமராவுக்கும் கேட்6, அலுவலகத்தில் எட்டுத் துறை பிஓஇ சுவிட்ச். 42 வாட் தேவை, 65 வாட் உள்ளது எடுங்கள். மோட்டர் வயரோடு ஒரே டிரங்கிங்கில் போட வேண்டாம். குறைந்தது ஒரு அடி தள்ளி ஓட்டுங்கள், குறுக்கறுக்க வேண்டிய இடத்தில் செங்கோணமாக. விசிறி உள்ள சுவிட்ச் ஆலைக்கு ஆகாது, உமித் தூசு சில மாதத்தில் அடைத்துவிடும். விசிறியில்லாததை மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

களஞ்சியத்துக்கு நான்கு இழை ஃபைபர், 250 மீற்றர் வாங்குங்கள். அதே கேபிள் கேட்டின் காவலறைக்குள் போய் வெளியே வரட்டும்; முதல் இழையை அங்கே முடித்து, இரண்டாம் இழையைக் களஞ்சியத்துக்கு விடலாம், மிச்ச இரண்டும் இருப்பு. கேட்டில் நான்கு துறை பிஓஇ சுவிட்ச், களஞ்சியத்தில் இன்னொன்று, இரண்டு சோடி கன்வேர்ட்டர். அலுவலகத்துக்கு யூபிஎஸ் வைப்பவர்கள் களஞ்சியத்துக் கன்வேர்ட்டரை மறப்பார்கள். கரண்ட் போனதும் ரெக்கோடர் ஓடும், ஆனால் நெல் மூட்டை இருக்கிற பக்கம் மட்டும் இருட்டு. இரண்டு பக்கமும் சிறு யூபிஎஸ் கட்டாயம்.

வீட்டுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் சோடி ஒன்று. பதிவு ஆலையிலேயே நடப்பதால், வீட்டில் பார்க்க, கமரா கூடவே தரும் குறைந்த தரப் படமான சப் ஸ்ட்ரீம் போதும். பன்னிரண்டு கமராவும் ஒரே திரையில் வந்தாலும் பத்து மெகாபிட்டைத் தாண்டாது. வீட்டில் இரண்டாவது ரெக்கோடர் வைத்து முழுப்படமும் பதிய விரும்பினால் 48 மெகாபிட் நிலையாக வேண்டும், அப்போது அன்டெனாவை இன்னும் உயர்ந்த ரகமாக எடுங்கள்.

கையளிக்கும் அன்று

சோதனையை இரவில் வையுங்கள். எல்லா இன்ஃப்ராரெட் விளக்கும் எரிய, ஆலை என்றால் மோட்டர்களும் ஓட, எல்லாக் கமராவையும் அரை மணி நேரம் ஒரே திரையில் விட்டுப் பாருங்கள். பிறகு பதிவைத் திருப்பி ஓட்டி, இடையில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரடித் திரையில் தெரியாத விழுதல் பதிவில் தெரியும். ஐபி என்றால் ஒவ்வொரு கமராவுக்கும் 1400 பைட் அளவில் சில நூறு பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி, அனுப்புங்கள். செம்பிலும் ஃபைபரிலும் ஒன்றுகூடத் தவறக் கூடாது. வேலை செய்தவரிடமிருந்து பாதை வரைபடம், ஒவ்வொரு வயர் முனையிலும் இலக்கச் சீட்டு, எந்த இழை எங்கே முடிகிறது என்ற குறிப்பு, சுவிட்சினதும் அன்டெனாவினதும் கடவுச்சொற்கள், மிஞ்சிய கன்வேர்ட்டர் அடாப்டர்கள் எல்லாவற்றையும் கடைசிக் காசு கொடுக்கும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்.